அலெக்சாண்டர் சமாதி: ஊருக்கு உள்ளேயா, வெளியேயா?

கோட்டைவாசல்: ‘அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்’ வீடியோ விளையாட்டில் அலெக்சாண்டர் சமாதி “நூற்றுக்கு நூறு வரலாறு” என்று நேற்று ஆந்தைக்கண் சான்றிதழ் கொடுத்திருந்தார். படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. கிரேக்கர்கள் செத்தவர்களை மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். ஏதென்ஸின் கெரமைக்கோஸ் இடுகாடு எங்கே? நகர வாசலைத் தாண்டி, சாலையோரம். இவர்களோ அலெக்சாந்திரியா நகருக்குள்ளேயே சமாதியை வைத்திருக்கிறார்கள். அடிப்படையே தப்பு.

ஆந்தைக்கண்: கை பரபரத்தால் புத்தகத்தைப் புரட்டலாமே அண்ணே. ஊரை நிறுவியவருக்கு விதிவிலக்கு உண்டு; அலெக்சாந்திரியாவை நிறுவியவர் அலெக்சாண்டர்தானே. வட ஆப்பிரிக்காவில் சைரீன் என்ற கிரேக்க ஊரை நிறுவிய பாட்டோஸ், அகோரா என்கிற ஊர்ச்சந்தியின் ஓரத்திலேயே கிடக்கிறார் என்று கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடியிருக்கிறார். அந்த சைரீன் இதே விளையாட்டில் வருகிறது. நீங்கள் அதுவரை ஆடவில்லை போல.

கோட்டைவாசல்: நான் இரண்டு தடவை முடித்தவன். கேட்டது ஒன்றுதான். உள்ளேயா, வெளியேயா?

பழையகட்டை: பிராசிடாஸை மறந்துவிட்டீர்களே. இதே வரிசையில் வந்த ‘ஒடிசி’ விளையாட்டில் வருவாரே, அந்த ஸ்பார்ட்டா தளபதி. கி.மு. 422இல் வட கிரேக்க ஊரான அம்பிபோலிஸில் செத்தவரை ஊருக்குள், அகோராவுக்கு முன்னால் புதைத்து, சுற்றி வேலி போட்டு, ஆண்டுதோறும் பலியும் போட்டிகளும் நடத்தினார்கள். அந்தக் கால வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அங்கே அருங்காட்சியகம் கட்டத் தோண்டியபோது ஒரு கல்லறையில் எலும்புகளோடு வெள்ளிப் பெட்டியும் பொன் இலை மாலையும் கிடைத்தன. அது அவருடையதுதான் என்கிறார்கள்.

சுண்டல்பொட்டலம்: பிராசிடாஸ் எங்கே ஐயா அந்த ஊரை நிறுவினார்? நிறுவியவர் ஏதென்ஸ்காரர் ஹாக்னோன், கி.மு. 437. அவர் நினைவாக இருந்த கட்டடங்களை இடித்துவிட்டு இவரை ‘நிறுவியவர்’ ஆக்கினார்கள். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறும் கதைதான். ‘நிறுவியவர்’ என்றால் யார் என்று முதலில் பேசி முடிப்போமா?

கோட்டைவாசல்: அது எனக்கு வேண்டாம். உள்ளேயா, வெளியேயா?

ஆந்தைக்கண்: சரி, இதையும் கேளுங்கள். சிசியோன் என்ற கிரேக்க ஊரில் மதிலுக்குள் யாரையும் புதைக்கக்கூடாது என்று பழைய சட்டமே இருந்தது. அந்த ஊர்த் தலைவர் அராட்டோஸ் செத்ததும் டெல்பி கோயிலுக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டு, உள்ளேயே புதைத்தார்கள். வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்வது.

கோட்டைவாசல்: பார்த்தீர்களா, சட்டம் இருந்தது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது! இதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன்.

இன்னொன்று. கி.மு. 331இல் அலெக்சாண்டர் வந்தார், இடத்தைக் காட்டினார். ஊரின் எல்லைக்குக் கோடு போட வேறு எதுவும் கிடைக்காமல் மாவைத் தூவினார்கள், அதையும் பறவைகள் தின்றுவிட்டன. அப்புறம் உயிரோடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 323இல் பாபிலோனில் கதை முடிந்தது. பிணத்தை அவருடைய தளபதி டாலமி, பின்னால் எகிப்தின் அரசரானவர், வழிமறித்துக் கொண்டுபோய் எகிப்தின் பழைய தலைநகர் மெம்பிஸில் வைத்தார். அலெக்சாந்திரியாவுக்கு அது வந்ததே பிறகுதான். அலெக்சாந்திரியாவை நேரில் பார்த்து எழுதிய ஸ்ட்ராபோ என்ன சொல்கிறார்? சமாதி அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதி, டாலமி வம்சத்து அரசர்களைப் புதைத்ததும் அங்கேதான். ஆக, இது திருடிக் கொண்டுவந்த பிணத்தை வைத்து ஓர் அரச குடும்பம் கட்டிக்கொண்ட சமாதி. உங்கள் விதிவிலக்கு இங்கே செல்லாது.

ஆந்தைக்கண்: அந்த அரண்மனை மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா?

கோட்டைவாசல்: கேள்வியைத் திருப்பாதீர்கள்.

ஆந்தைக்கண்: 😂😂

மோர்க்குழம்பு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உள்ளே இருக்கும் பெட்டி தங்கமா, கண்ணாடியா?

பழையகட்டை: முதலில் தங்கம். அதை டாலமிகளில் ஒருவர் கைவைத்துவிட்டார். ஸ்ட்ராபோ காலத்தில் கண்ணாடி. இந்த விளையாட்டு கிளியோபாட்ரா காலத்துக் கதை, அதில் தங்கப் பெட்டி கேட்டால் கிடைக்காது.

மோர்க்குழம்பு: அப்படியென்றால் நான் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் பார்த்த ‘அலெக்சாண்டர் கல்பெட்டி’?

பழையகட்டை: அது 1887இல் லெபனானின் சிடோனில் கிடைத்தது. அலெக்சாண்டர் போரிடுவது அதன்மேல் செதுக்கியிருப்பதால் அந்தப் பெயர். அவர் அதில் படுத்ததே இல்லை.

சுண்டல்பொட்டலம்: பெட்டி எதுவானால் என்ன, விளையாட்டில் அந்தச் சமாதியிலிருந்த மந்திரக் கோலைத்தான் வில்லன் ஃப்ளேவியஸ் கும்பல் தூக்கிக்கொண்டு போய்விட்டதே.

மோர்க்குழம்பு: அடப்பாவி! நான் பாதிதான் ஆடியிருக்கிறேன். ஸ்பாய்லர் என்று ஒரு வார்த்தை போட்டால் என்ன குறைந்துவிடும்?

சுண்டல்பொட்டலம்: 2017இல் வந்த விளையாட்டுக்கு இன்னுமா ஸ்பாய்லர்?

கோட்டைவாசல்: திரியை நைசாகத் திசைதிருப்புகிறார்கள். டிராய் குதிரைத் திரியிலும் ஆந்தைக்கண் இதே வேலையைத்தான் செய்தார். நான் மறக்கவில்லை.

ஆந்தைக்கண்: அந்தத் திரியில் கடைசி நாற்பது பதிவும் நீங்கள் தனியாகப் போட்டவை அண்ணே. நானும் மறக்கவில்லை.

கோட்டைவாசல்: பதில் சொல்ல ஆள் இல்லாததால் தனியாகப் போட்டேன். இப்போதும் அதே நிலைமைதான். கெரமைக்கோஸ் உள்ளேயா, வெளியேயா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மோர்க்குழம்பு: கோலை எடுத்த பிறகு அந்த ஃப்ளேவியஸ் எங்கே போகிறான்? வேண்டாம், சொல்லிவிடாதீர்கள்.

சுண்டல்பொட்டலம்: சைரீனுக்கு.