திப்ருகரும் துவாரகையும்: ஒரே கடிகாரம், வெவ்வேறு பொழுது

தணிக்கைப் பணியின் பொருட்டு அசாமின் திப்ருகரிலும் குஜராத்தின் துவாரகையிலும் மாறி மாறித் தங்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 26 பாகை தீர்க்கரேகை வேறுபாடு உண்டு. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியனைப் பொறுத்தவரை இவ்வூர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் விலகி நிற்கின்றன. ஆனாலும் மிர்சாப்பூர் பக்கமாகச் செல்லும் 82.5 பாகைக் கோட்டை வைத்துக் கணிக்கப்படும் இந்திய நேரம்தான் இரண்டுக்கும் பொது.

ஜூன் மாதத்தில் திப்ருகரில் காலை நாலேகாலுக்கே சூரியன் எழுந்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் பிரம்மபுத்திரா ஊரின் பெரும்பகுதியை அரித்துச் சென்றதால் எழுப்பப்பட்ட கரையணையின்மீது, ஐந்து மணிக்குள் நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்க்கலாம். அரசு அலுவலகமோ பத்து மணிக்குத்தான் திறக்கிறது. நல்ல வெளிச்சம் பாதி வீணாகிறது. டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம். நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிட, ஊழியர்கள் இருட்டில் வீடு திரும்புகிறார்கள். ஏழு மணிக்குக் கடைத்தெருவில் பாதிக் கதவுகள் இறங்கிவிடுகின்றன.

தேயிலைத் தோட்டங்கள் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே அவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டன. அதற்குப் பெயர் ‘பாகான் டைம்’, அதாவது தோட்ட நேரம். நான் கணக்குப் பார்த்த தோட்ட அலுவலகத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டும்போது என் கைப்பேசி எட்டு காட்டும். தோட்டத்துச் சங்கும் இலை நிறுக்கும் வேளையும் சுவர்க் கடிகாரத்தின்படியே நடந்தன. நான் சந்திக்க நேரம் கேட்டபோதெல்லாம் தலைமை எழுத்தர், “பாகான் எட்டா தாதா, ரயில் எட்டா?” என்று கேட்ட பிறகே குறித்துக்கொள்வார். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. திப்ருகரில் சூரியன் உச்சிக்கு வருவது இந்திய நேரம் 11.10 வாக்கில், அதாவது பாகான் நேரம் 12.10; இரண்டு கடிகாரங்களில் உண்மைக்கு நெருக்கமானது சுவரில் இருந்ததே.

துவாரகையில் அதே ஜூனில் ஆறு மணிக்குப் பிறகே பொழுது புலர்கிறது. சனவரியில் சூரியன் எழ ஏறத்தாழ ஏழரை ஆகிவிடும். காலை ஆறரை மணி மங்கள ஆரத்திக்காகக் கோமதிக் கரையில் குளித்துவிட்டு நிற்பவர்கள் குளிர்காலத்தில் இருட்டில்தான் நிற்கிறார்கள். பகல் ஒரு மணியளவில் துவாரகாதீசர் கோயில் நடை சாத்தப்படும். மாலை ஐந்துக்குத்தான் மறுபடி திறக்கும். பல கடைகளும் அப்போது மூடிக்கிடக்க, வெளியூர்க்காரர்கள் சோம்பல் என்று முணுமுணுப்பார்கள். அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணி நெருங்கும்போதுதான் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. இழந்ததை அவ்வூர் இரவில் ஈடுகட்டிக்கொள்கிறது. ஜூனில் இரவு ஏழு மணிக்கும் கோபுரக் கொடியில் வெயில் படும். திப்ருகர் அதற்குள் இருண்டிருக்கும். உணவுக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கடைவீதிக்கு வருவார்கள். நான் தங்கிய விடுதிக்காரரிடம் அசாமின் நாலேகால் விடியலைச் சொன்னபோது, “அப்போதுதானே பாய் நல்ல தூக்கம் வரும்!” என்று நெடுநேரம் சிரித்தார்.

மேற்குக்கு இந்த ஒரே நேரம் பெரிய இடைஞ்சலாக இல்லை. நட்டம் கிழக்குக்குத்தான் என்பது என் கருத்து. அசாம் முதல்வராக இருந்த தருண் கோகோய் 2014இல் தனி நேரம் வேண்டும் என்று வலியுறுத்தியபோது, ரயில்கள் குழம்பும் என்ற மறுப்பே முன்வைக்கப்பட்டது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை சொன்னது: அசாம்–மேற்கு வங்க எல்லையில் இரு நேரங்களையும் பிரிக்கும் கோடு வகுத்தால் நியூ கூச் பெஹார், அலிப்பூர்துவார் ஆகிய இரண்டு நிலையங்களில் மட்டும் கடிகாரத்தை மாற்றினால் போதும் என்பது அவர்கள் கணிப்பு.