பதில்: ‘பரிவர்த்தனை’ போதுமா? ‘பதிவாணை’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே மாதிரி வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில்) ‘டிரான்சாக்‌ஷன்’ எனப்படுவதைப் ‘பதிவாணை’ என்போம் என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘டிரான்சாக்‌ஷன்’ என்பதற்கு வங்கிகள் ஏற்கெனவே ‘பரிவர்த்தனை’ என்று எழுதுகின்றன. பிளாக்செயினுக்கு மட்டும் ஏன் தனிச்சொல்?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. போன மாதம் வரை நானும் இதையே கேட்டிருப்பேன். கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் வைத்து ஓட்டும் நிரல்) எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். மன்னார்குடிப் பக்கமிருந்து வரும் ஒரு பையன், பயிற்சிக்காக நெல் கொள்முதல் கணக்கு ஒன்றை சாலிடிட்டி என்ற நிரல்மொழியில் எழுதினான். இன்ன விவசாயி இத்தனை சிப்பம் போட்டார் என்று பதியும் ஒரே ஒரு ஃபங்ஷன். ஓட்டிவிட்டுத் திரையைக் காட்டினான். மதிப்பு, அதாவது அனுப்பும் தொகை, என்ற இடத்தில் 0 என்று இருந்தது. “காசே கைமாறல சார், அப்புறம் இது எப்படிப் பரிவர்த்தனை?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

பரிவர்த்தனை என்றால் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வது. ஜாதகத்தில் இரண்டு கிரகங்கள் வீடு மாறி உட்கார்ந்தால் பரிவர்த்தனை யோகம் என்கிறோமே, அதே சொல். எத்தீரியத்தில் நடப்பது வேறு. கணக்கு வைத்திருப்பவர் தன் சாவியால் (தனக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணால்) ஒப்பமிட்டு ‘இதைச் செய்’ என்று அனுப்புகிறார். அது ஒரு பிளாக்கில் (கணக்கேட்டின் ஒரு பக்கம் மாதிரி) ஏறி, வலையில் உள்ள கணினிகளிலெல்லாம் ஒரே மாதிரி நிறைவேறி, பதிவாகி நிற்கிறது. பதிவாகும் ஆணை என்பதால் ‘பதிவாணை’ என்கிறேன். ‘அரசாணை வாடை அடிக்கிறதே’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மணியார்டரில் இருப்பதும் ஆர்டர்தானே? அதைத்தான் தமிழில் ‘பணவிடை’ என்கிறோம்.

அந்தப் பணவிடையையே முதல் வகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) அனுப்புவது மட்டும்தான் இதில் வேலை. 21,000 கேஸ் ஆகும். வலை செய்யும் வேலையை அளக்கும் அலகுதான் கேஸ், அதை வைத்துத்தான் கட்டணம். கான்ட்ராக்டில் இருக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டச் சொல்வது இன்னொரு வகை, அதை ‘இயக்காணை’ எனலாம். பையன் செய்தது அதுதான். அதில் பணமும் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

நான் அதிகம் யோசித்தது மூன்றாவது வகையான டிப்ளாய்மெண்டுக்கு, அதாவது புதிய கான்ட்ராக்டை வலையில் ஏற்றுவதற்குத்தான். பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு, நிரலை உள்ளே வைத்து அனுப்பும் ஆணை அது. அடிப்படை 21,000-க்கு மேல் இன்னும் 32,000 கேஸ் பிடிக்கும். நிரலின் அளவுக்கேற்ற செலவு தனி. ‘நிறுவல்’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் இன்ஸ்டால் செய்வதற்கு அந்தச் சொல் கணினித் தமிழில் எப்போதோ குடியேறிவிட்டது. என் யோசனை ‘நடவு’. நாற்றங்காலில் விட்டு, இருபது இருபத்தைந்து நாள் பார்த்து, பறித்துக் கட்டி வயலில் ஊன்றுகிறோம். இங்கும் அப்படித்தான். சொந்தக் கணினியிலும் சோதனை வலையிலும் வளர்த்துப் பார்த்துவிட்டு, முதன்மை வலையில் ஊன்றுகிறோம். ஊன்றிய பிறகு அந்த முகவரியில் இருக்கும் நிரலைத் திருத்த முடியாது. வகுப்பில் ஒரே ஒரு தடவை சொன்னேன். அடுத்த வாரமே “நட்டாச்சு சார்” என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று மட்டும்: ‘நடவாணை’ என்று சேர்த்து எழுதினால் ‘நடக்காத ஆணை’ என்று படிக்க இடமிருக்கிறது. ‘நடவு ஆணை’ என்று பிரித்தே எழுதுவோம்.

பதிவாணை என்று சொல்லக்கூடாத இரண்டையும் குறித்துவிடுகிறேன். கான்ட்ராக்டில் என்ன இருக்கிறது என்று சும்மா பார்ப்பதற்கு ஒப்பமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பிளாக்கில் எதுவும் ஏறாது. இணையத்தில் சிட்டா பார்ப்பதற்கும் பட்டா மாற்ற மனுப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதற்குப் ‘பார்வை அழைப்பு’ போதும்.

மற்றது, ஒரு கான்ட்ராக்ட் இன்னொரு கான்ட்ராக்டைக் கூப்பிடுவது. ‘இன்டர்னல் டிரான்சாக்‌ஷன்’ என்று பலரும் சொல்லிக் குழப்புவது இதைத்தான். இதற்குத் தனி ஒப்பம் கிடையாது. கல்லணையில் வெண்ணாற்று மதகைத் திறக்கச் சொல்லி ஆணை ஒருமுறைதான் போகிறது. அந்தத் தண்ணீர் தென்பெரம்பூரில் வெட்டாறாகவும் வெண்ணாறாகவும் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்குவதெல்லாம் அந்த ஒன்றின் தொடர்ச்சி. ஆகவே ‘கிளையழைப்பு’.

> தோல்வியடைந்தால்? அப்போதும் அது பதிவாணைதானா?

ஆமாம், ‘பரிவர்த்தனை’ மிகவும் சறுக்குவது இங்கேதான். யுபிஐயில் பரிவர்த்தனை தோல்வி என்றால் போன பணம் திரும்பி வரும் என்று மனது பழகிவிட்டது. இங்கே அனுப்பிய ஈதர் திரும்பும், கணக்கில் நடந்த மாற்றங்கள் எல்லாம் பழையபடி ஆகும், கட்டணம் திரும்பாது. சம்பா அறுப்புக்குச் செயின் வண்டியை மணிக்கணக்கில் வாடகை பேசி இறக்குகிறோம். பாதி வயலில் சேற்றில் பதிந்து நின்றுவிட்டால், ஓடிய நேரத்துக்கு வாடகை கொடுத்துத்தானே ஆகவேண்டும்? நிரலில் வைத்த நிபந்தனை பொருந்தாமல் நின்றால், செலவான கேஸ் போக மீதி கையில் நிற்கும். அனுப்பும்போது நாம் விதித்த கேஸ் வரம்பே தீர்ந்து நின்றால் முழுதும் போய்விடும். ‘ஆணை நிறைவேறவில்லை’ என்று எழுதினால் யாரும் பணம் திரும்பும் என்று காத்திருக்கமாட்டார்கள்.

சரி, இன்னொரு குழப்பம். 0, 1, 2, 3, 4 என்று எண்ணிட்ட வகைகளும் இருக்கின்றனவே? அவை ஆணை என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை, எந்த வடிவில் கட்டி அனுப்புகிறோம் என்பதைச் சொல்கின்றன. 2021 ஏப்ரலில் எத்தீரியத்தின் பெர்லின் மேம்பாட்டோடு வந்த ஈஐபி-2718 (ஈஐபி என்பது எத்தீரியம் மேம்பாட்டு முன்மொழிவு) இதற்கு ‘என்வலப்’ என்றே பெயர் வைத்தது. நாமும் ‘உறை எண்’ என்போம். பழைய வடிவம் 0. எந்தெந்த முகவரிகளைத் தொடும் என்ற அணுகல் பட்டியலோடு வருவது 1. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் மேம்பாட்டில் அடிப்படைக் கட்டணம் எரிக்கப்படும் (யாருக்கும் போகாமல் அழிக்கப்படும்) முறையோடு வந்தது 2. இன்று பெரும்பாலும் புழங்குவது இதுதான். 2024 மார்ச்சில் பிளாப் (கொஞ்ச நாளுக்கு மட்டும் வைத்திருக்கும் பெரிய தரவுக் கட்டு) சுமக்கும் 3. 2025 மே மாதம், சாதாரணக் கணக்கும் கான்ட்ராக்ட் நிரலைப் பயன்படுத்த இடம்தரும் 4. வகையையும் உறை எண்ணையும் பிரித்து வைத்தால் ஒரு விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நடவு ஆணையை 3, 4 உறைகளில் அனுப்ப முடியாது, ஏனென்றால் அவற்றில் பெறுநர் இடம் காலியாக இருக்கக்கூடாது.

‘கேஸ்’ என்பதை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். ‘எரிவாயு’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், சிலிண்டர்தான் கண்முன் வருகிறது. ‘இயக்காணை’யைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அன்று பிள்ளைகளுக்கு அந்தப் பாடம்தான்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து