ரைஸ் குக்கர் பாதி வேக்காட்டில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

வணக்கம். கோவையில் நானும் அம்மாவும் மட்டுமே இருக்கும் வீட்டில், 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் இன்னும் சில நாட்கள் கூடுதலாக வர வேண்டும் என்பதற்காக, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள 400 வாட் ரைஸ் குக்கர் வாங்கினோம். அரை மணி நேரத்தில் சோறு வெந்துவிடும், அதற்கு 0.2 யூனிட்தான் செலவாகும் என்பதால், இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் எங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய சேமிப்பு.

இரண்டு வாரங்களாக, பன்னிரண்டாவது நிமிடத்திலேயே விசை 'டக்' என்று மேலெழும்பி 'வார்ம்' விளக்கு எரிகிறது. திறந்து பார்த்தால் அரிசிக்கு மேல் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. உடனே அழுத்தினால் விசை நிற்பதில்லை, பத்து நிமிடம் ஆறிய பிறகே பிடிக்கிறது.

வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தேன். நடுவிலுள்ள ஸ்பிரிங் பொத்தானில் ஒட்டியிருந்த பருக்கையையும் சுரண்டி எடுத்தேன். பலனில்லை. உள்பாத்திரத்தின் அடியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது லேசான நெளிவு தெரிந்தது. பழுதுபார்ப்பவரோ, பிரித்துக்கூடப் பார்க்காமல், புதிதாக வாங்கச் சொல்கிறார்.

கோளாறு பாத்திரத்தின் நெளிவிலா, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலா என்பதை வீட்டிலேயே எப்படி உறுதிசெய்வது?