20 அடியில்கூட புட் விழவில்லை, வழி சொல்லுங்கள்

டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) ஆடுகிறவர்களிடம் ஒரு உதவி. ஆறு வாரமாக 20 அடி புட் (கூடைக்குப் பக்கத்திலிருந்து உள்ளே போடும் வீச்சு) கூடையில் விழ மாட்டேன் என்கிறது. முன்பு பத்துக்கு எட்டு விழும். இப்போது மூன்று விழுந்தாலே பெரிது.

இடம் கடலூர், தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம். டிஸ்க் இன்னோவா ஏவியார், 175 கிராம். கூடை நானே சைக்கிள் ரிம்மில் சங்கிலி தொங்கவிட்டுச் செய்தது. கையை விட்டதும் டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்குகிறது, கடற்காற்று அதை அப்படியே ஏந்திச் சங்கிலிக்கு மேல் கொண்டுபோகிறது. சரி, காற்றுதான் காரணம் என்று விடியற்காலையில் போனேன். காற்றே இல்லை, அப்போதும் அதே கதை!

பிடியை மாற்றினேன். ஒரு வாரம் தொடாமலும் இருந்தேன் (வீட்டில் அந்த வாரம்தான் நிம்மதி). பத்தடியில் ஒன்றுகூடத் தப்பாது. 20க்கு நகர்ந்ததும் கை விறைத்துக்கொள்கிறது.

மணிக்கட்டால் சுழற்றி வீசும் ஸ்பின் புட்டிலேயே இருந்து இதைச் சரிசெய்வதா, அதிகம் சுழற்றாமல் தள்ளிப் போடும் புஷ் புட்டுக்கு மாறுவதா?