ஒரு மணி வரை விழித்திருக்கும் மகன், முன்னிரவில் அலறும் மகள்: எதிலிருந்து தொடங்குவது?

தூங்காவிழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகனுக்கு வயது 14. இரவு 10 மணிக்கே விளக்கை அணைத்துவிட்டாலும் ஒரு மணிக்கு முன்னால் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. காலை 6 மணிக்கு எழுப்பினால் எழுந்து உட்கார்கிறான். ஒரு காலில் காலுறையை மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே மறுபடியும் தூங்கிப்போகிறான். விடுமுறை நாட்களில் நண்பகல் வரை எழுவதில்லை. கைபேசியை 9 மணிக்கே வாங்கி வைத்துவிடுவதால் அதன்மேல் பழிபோடவும் வழியில்லை. இது வெறும் சோம்பல் என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மகளுக்கு வயது 6. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், தூங்கிய ஒன்றரை மணி நேரத்திற்குள் எழுந்து உட்கார்ந்து வீறிடுகிறாள். கண்கள் திறந்தே இருக்கின்றன, ஆனால் என்னை யாரோ என்பதுபோல் தள்ளுகிறாள். பத்து நிமிடம் கழித்துத் தானாகவே படுத்துக்கொள்கிறாள். காலையில் கேட்டால் எதுவும் நினைவில்லை. இருவருக்கும் தூக்கத்துக்கென்று கொடுக்கப்படும் மெலடோனின் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

குழந்தைநலச் செவிலி:

அம்மா, மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பார்ப்பவரைக் குலைநடுங்க வைப்பது அதுதான் என்றாலும் பெரும்பாலும் தீங்கற்றதும் அதுதான். நைட் டெரர் என்று மருத்துவர்கள் சொல்வது இதையே. கெட்ட கனவு இரவின் பிற்பகுதியில் வரும், குழந்தை விழித்துக்கொண்டு கனவைச் சொல்லும், உங்களைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்வதோ இரவின் முதற்பகுதியில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்ளும் நிலை. அந்நேரம் அவளை உலுக்கி எழுப்பவோ இறுக்கிப் பிடிக்கவோ வேண்டாம். எழுப்ப முயன்றால் குழப்பமும் அலறலும் நீளும். கட்டிலிலிருந்து விழாமலும் எங்கும் மோதிக்கொள்ளாமலும் அருகில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும். தூக்கம் குறைந்த நாட்களிலும் காய்ச்சலின்போதும் இது கூடும் என்பதால், இரவுத் தூக்கத்தை அரை மணி முன்னதாகத் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அந்நேரத்திற்குக் கால் மணி முன்னதாக மெல்லத் தட்டிச் சற்றே விழிக்கவைத்து மீண்டும் தூங்கவிடுவதைச் சில வாரங்கள் செய்து பார்க்கலாம்.

மகனுக்கு வருகிறேன். உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது சோம்பல் அன்று. பருவமடையும் வயதில் உடலின் உட்கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது. தூங்கும் நேரம் வந்ததென்று உடலுக்கு உணர்த்த, இருள் கவிந்தபின் மூளை சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சிறுவயதில் இருந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது; நாள் முழுவதும் விழித்திருப்பதால் சேரும் தூக்கச்சுமையும் இப்பருவத்தில் மெதுவாகவே ஏறுகிறது. ஆகவே 10 மணிக்கு விளக்கை அணைத்தாலும் அவன் உடலுக்கு அது மாலைப்பொழுதுதான். 13 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்கமருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஐந்து. அதனால்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியாது என்பது வேறு விஷயம்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. விடுமுறையில் அவன் பதினொரு மணி நேரம் தடையின்றித் தூங்குகிறான். அப்படியானால் தூங்கும் திறனில் குறையில்லை, நேரம்தான் இடம்பெயர்ந்திருக்கிறது. விடுமுறையிலும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தாலோ, விளையாட்டிலும் நண்பர்களிடத்திலும் நாட்டம் விட்டுப்போயிருந்தாலோ, மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

பழைய ஆந்தை:

என் மகனும் இப்படித்தான் இருந்தான். நாங்கள் செய்த முதல் தவறு, அவனை இன்னும் முன்னதாக, 9 மணிக்கே படுக்கவைத்தது. மூன்று மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்து, படுக்கை என்றாலே எரிச்சல் என்னும் நிலைக்கு வந்துவிட்டான். பிறகு மருத்துவர் சொன்னபடி தலைகீழாக மாற்றினோம்: உண்மையில் எப்போது கண்ணயர்கிறானோ அதற்குச் சற்று முன்னர்தான் படுக்கை, எழும் நேரம் மட்டும் விடுமுறையிலும் மாறக் கூடாது, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் சலுகை. எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நிற்கவேண்டும். கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னோக்கித் திருப்பும். படுத்ததும் எளிதில் தூங்கத் தொடங்கிய பின், சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி வீதம் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவந்தோம். முதல் பத்து நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் இன்முகமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் தூங்குகிறானா?

தூங்காவிழி:

ஆம், நான்கரை மணிக்குப் படுத்து ஆறரை வரை. பாவம் களைத்து வருகிறானே என்று நானே கதவைச் சாத்திவிடுவேன். இன்னொன்றையும் எழுத மறந்தேன்: மகள் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், பெரும்பாலான நாட்களில் குறட்டையும் உண்டு. சளி என்று விட்டுவிட்டோம்.

குழந்தைநலச் செவிலி:

அந்த இரண்டு மணி நேரத் தூக்கம், இரவுக்கென்று சேர்ந்த தூக்கச்சுமையைக் கரைத்துவிடுகிறது. தவிர்க்க முடியாத நாளில் 20 நிமிடம், அதுவும் 4 மணிக்கு முன்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்குப் பின் காபியோ ஊக்கபானமோ குடித்தால், உட்கொண்ட காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

மகளின் குறட்டையைச் சளி என்று விடாதீர்கள். நான் முன்பு தீங்கற்றது என்று சொன்னதை இந்தத் தகவலுக்குப் பின் இப்போதைக்குத் திரும்பப் பெறுகிறேன். டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டும் வீங்கி மூச்சுப்பாதையை அடைத்தால் தூக்கம் திரும்பத் திரும்பக் கலையும். இரவு அலறலுக்கும் படுக்கை நனைவதற்கும் அது காரணமாகலாம். அவள் தூங்கும்போது ஒரு நிமிடக் காணொளி எடுங்கள்: மூச்சு நின்று திணறித் தொடர்கிறதா, நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார். மூச்சு நிற்பதை நீங்களே கண்டால் நாள் கடத்த வேண்டாம்.

மெலடோனின் மகளுக்கு இப்போது வேண்டாம். அடைப்பு இருந்தால் மாத்திரை அதைத் தீர்க்காது. மகனைப் பொறுத்தவரை அது தூக்க மாத்திரை அன்று, கடிகாரத்துக்குக் கொடுக்கும் சைகை. தவறான நேரத்தில் கொடுத்தால் பயனற்றுப்போகும். எனவே அளவையும் நேரத்தையும் மருத்துவர் சொல்லட்டும்.

பழைய ஆந்தை:

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரக் குறிப்பேடு ஒன்று எழுதுங்கள். படுத்தது, தூங்கியது, எழுந்தது, பகல் தூக்கம் ஆகிய நான்கு நேரங்கள் போதும். மகனையே எழுதச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியதைவிட அவன் எழுதியதுதான் நேர்மையாக இருந்தது.

தூங்காவிழி:

மகளுக்கு வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் பதிவுசெய்துவிட்டேன். நேற்றிரவு எடுத்த காணொளியை என் கணவர் மூன்று முறை பார்த்தார். சோம்பல் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. மகன் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதியிருப்பது: “படுத்தது 12.40, தூங்கியது 12.55.”