மின்விசிறி சுவிட்சைப் போட்டால் இரண்டாவது மானிட்டர் இருண்டுவிடுகிறது

காரைக்குடியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், ஆத்தங்குடித் தரைக்கல் டிசைன் வரையும் வேலைக்காக ஒரே கணினியில் இரண்டு மானிட்டர்களை இணைத்திருக்கிறேன். அவற்றுள் ஹெச்டிஎம்ஐ வழியே இணைத்த 24 அங்குல மானிட்டர், மூன்று வாரங்களாக, அறையின் மின்விசிறியைப் போட்டாலும் அணைத்தாலும் இரண்டு நொடி இருண்டு, பிறகு தானாகவே திரும்புகிறது. அதற்குள் அதில் திறந்திருந்தவை எல்லாம் மற்றொரு திரைக்குத் தாவிவிடுகின்றன. விஜிஏவில் உள்ள 19 அங்குலப் பழைய மானிட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை.

மானிட்டர்களை மாற்றி மாட்டிப் பார்த்தேன்; குறை ஹெச்டிஎம்ஐ பக்கமே நின்றது. புதுக் கேபிள் வாங்கியது, டிரைவரைப் புதுப்பித்தது, ரெஃப்ரெஷ் ரேட்டை 75-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தது, எதுவும் பலிக்கவில்லை. யூபிஎஸ் மூலம் இணைத்தும் அதே கதைதான். விண்டோஸ் 11, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

கணினிக் கேபினட்டின் பின்புறத்தைத் தொட்டால் விரலில் சுரீரென்கிறது. அறையின் சுவிட்சுகள் தாத்தா காலத்துத் தேக்குப் பலகையில் இருப்பவை என்பதால், பிளக்கின் மூன்றாவது துளைக்கு எர்த் கம்பி வருகிறதா என்பதே ஐயமாக இருக்கிறது.

எர்த் சரியில்லாததால் மட்டுமே ஹெச்டிஎம்ஐ சிக்னல் இவ்வாறு அறுபடுமா, அல்லது மதர்போர்டின் போர்ட்டைத்தான் நான் சந்தேகிக்க வேண்டுமா?