ஃபைபர் உருவினால் சர்வீஸ் திரும்ப 70 செகண்ட் ஆகிறது, எந்த டைமரைக் குறைக்கணும்?

6 ரோடம் (அலைநீளங்களைத் திசைமாற்றும் ஆப்டிகல் கருவி) நோடு மெஷ், 100ஜி கோஹிரண்ட் கார்டுகள். ஜிஎம்பிஎல்எஸ் ரெஸ்டோரேஷன் (பாதை அறுந்தால் தானாக மாற்றுப் பாதை போடுவது) ஆன். ஓடிஎஃப்-ல் (ஃபைபர்கள் வந்து சேரும் ஃபிரேம்) பேட்ச் கார்டை உருவிப் பார்த்தோம். மாற்றுப் பாதை சரியாகத்தான் எடுக்கிறது, ஆனால் 70 செகண்ட். 50 மில்லிசெகண்டுக்குள் வரவேண்டாமா?

பதில் 1
டைமரில் கை வைக்காதீங்க சார், தாமதம் அங்கே இல்லை. ஃபைபரில் ஒளிக்கு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட், 1,000 கி.மீ. என்றாலும் 5 மில்லிசெகண்டுதான். சிக்னலிங்கும் சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது வேறு: புதுப் பாதையில் டபிள்யூஎஸ்எஸ் (அலைநீளத்தைத் தேர்ந்து திருப்பும் ஸ்விட்ச்) திறந்ததும் ஒவ்வொரு ஸ்பானாக (இரு ஆம்ப்ளிஃபயருக்கு இடைப்பட்ட ஃபைபர்) பவர் சமன் செய்யணும். அவசரப்பட்டு ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் கெயின் ஆடி, பக்கத்தில் ஓடும் சேனல்களிலும் எரர் வரும். அதன்பின் ரிசீவர் புதுப் பாதையின் டிஸ்பர்ஷனை (ஒளித் துடிப்பு பரவுவதை) கணித்து லாக் ஆகணும்.

50 மில்லிசெகண்ட் வேணும்னா மாற்றுப் பாதையில் முன்பே ஒளி ஓடிக்கொண்டிருக்கணும். முக்கியமான சர்க்யூட்டுக்கு மட்டும் ஓடியூ (சர்வீஸைச் சுமக்கும் டிஜிட்டல் உறை) அளவில் 1+1 போடுங்க, அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவது; அதற்குத் தேவைப்படும் கெபாசிட்டி இரட்டிப்பாகும். மற்றவை ரெஸ்டோரேஷனிலேயே இருக்கட்டும்.

ராமன் ஆம்ப்ளிஃபயர் (ஃபைபருக்குள்ளேயே வலுவான பம்ப் லேசரைச் செலுத்துவது) இருக்கும் ஸ்பானில் பேட்ச் கார்டை உருவவே உருவாதீங்க. பம்பை அணைத்துவிட்டுத்தான். கனெக்டர் முனை கருகிவிடும்.

கேட்டவர்
1+1 போட்டாச்சு. இப்போ 40 மில்லிசெகண்டில் மாறுது, ஆனா ரவுட்டரில் பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) விழுகிறது.

பதில் 2
பிஎஃப்டி எவ்வளவு? 10 மில்லிசெகண்ட் × 3 என்றால் 30-லேயே லிங்க் போச்சு என்று சொல்லிவிடும், கீழே சரியாவதற்குள் மேலே ரவுட் மாறும். 50 × 3 வையுங்க. போர்ட்டின் டவுன் டிலேயும் 100 மில்லிசெகண்ட். பழைய பாதைக்குத் திரும்பும் முன் காத்திருக்கும் டபிள்யூடிஆர் டைமர் குறைந்தது 5 நிமிடம். ஸ்ப்ளைஸ் செய்பவர் ஃபைபரைத் தொடும்போதெல்லாம் சர்வீஸ் முன்னும் பின்னும் தாவக்கூடாது.

பதில் 3
எஸ்ஆர்எல்ஜி எண் (ஒன்றாக அறுபடக்கூடிய பாதைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பது) போட்டீங்களா? மேப்பில் இரண்டு பாதை, பாலத்தின் மேல் ஒரே டக்ட். எண் இல்லாவிட்டால் ஜிஎம்பிஎல்எஸ்ஸுக்கு அது தெரியாது, ஜேசிபி ஒரே வெட்டில் இரண்டையும் எடுத்துவிடும். எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் கடைசி 200 மீட்டரை நடந்தே பாருங்க, தவறு பெரும்பாலும் அங்கேதான்.

சோதிக்கும்போது ஒரு இழையை மட்டும் உருவினால் போதாது, ஜோடியாக உருவணும். அப்புறம் விஓஏ (ஒளியை வேண்டிய அளவு குறைக்கும் கருவி) வைத்து மெதுவாக லாஸ் ஏற்றியும் பாருங்க. கேபிள் நசுங்கும்போது ஒளி முழுசாகப் போகாது. எல்ஓஎஸ் (ஒளி இல்லை என்ற அலாரம்) வராமலே எரர் ஏறும். சிக்னல் டிகிரேடுக்கும் (எரர் ஏறி சிக்னல் தரம் குறைவது) ஸ்விட்ச் ஆகும்படி வைத்திருந்தால்தான் அது பிடிபடும்.